வீட்டைப் பற்றி ஒரு எம்.ஏ.

என் மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். சனிக்கிழமைகளில் அவளே மாணவியாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அது ஒரு எம்.ஏ. படிப்பு. முதல் வருடம் வரலாறு, இலக்கியம், சுற்றாடல், சமூகம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிப்பார்களாம். பிறகு ஒன்றைத் தன் சிறப்புப் பிரிவாக எடுக்க வேண்டும். எடுத்ததை மாற்ற முடியாது. கடைசியில் எழுதுகிற ஆய்வும் அதில்தான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இது எனக்கு நன்றாக விளங்கியது. புடவைக் கடையில் எல்லாத் துணியையும் விரித்துப் பார்த்த பிறகு, இதை வெட்டுங்கள் என்று சொல்லுகிற இடம் அது.

அவளுக்கு முன்னால் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்று கல்வி முகாமைத்துவம். அதை எடுத்தால் பள்ளிக்கூட அதிபராக வருவதற்கு உதவும் என்று மருமகன் சொன்னார். மற்றது சமூகமும் பண்பாடும். அதில் அவள் எழுத ஆசைப்பட்டது எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி. கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் அது பெண்ணுக்குத்தான். பெண் பிள்ளை பிறந்ததுமே உம்மாவும் வாப்பாவும் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார்கள். கலியாணத்தோடு வீடு மகளின் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நான் இருக்கிற வீடும் இப்போது மகளின் வீடுதான். முன் அறையை அவளுக்கு விட்டுவிட்டு நான் சோறாக்குகிற குசினிக்குப் பக்கத்து அறைக்கு வந்துவிட்டேன். எனக்கு அதுதான் வசதி. ஆட்கள் வந்தால் நான் முன்னுக்குப் போகிறவள் இல்லை. மருமகனோடு கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டில் இருவரும் இதைத்தான் கதைத்தார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை வகுப்பில் அவள் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

“முகாமைத்துவத்த எடுங்க. இதில யோசிக்க என்ன இரிக்கி? வீட்டப் பத்தி எழுதி என்ன செய்யிற? மேசன்மாருக்குக் குடுக்கப் போறீங்களா?” என்றார் மருமகன்.

மகள் சிரிக்கவில்லை. “எனக்கு அதுதான் விருப்பம் மச்சான். ஆனா ஆக்கள்ட வாயால கதைய எடுக்கணும். அது எனக்கு வருமா எண்டுதான் பயம்.”

“அப்ப நாலு வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்க. வந்தா எடுங்க. வராட்டி முகாமைத்துவம். சரியா?”

“சரி” என்றாள். எனக்கு அந்தச் சரி பிடிக்கவில்லை. ஆசைப்பட்டதைப் பந்தயத்தில் வைத்த மாதிரி இருந்தது. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குசினிக்குள் வந்தாள். “உம்மா, நீங்களும் வாங்க. நீங்க இரிந்தா பொம்புளையள் கதைப்பாங்க.”

“நான் வந்து என்னத்தக் கதைக்கிற மகள்?”

“நீங்க கதைக்கத் தேவல்ல. பக்கத்தில இரிந்தாப் போதும்.”

அது என்னால் முடியும். பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

மூன்று வீடுகளுக்குப் போனோம். மூன்றிலும் மகள் ஒரே மாதிரித்தான் கேட்டாள். இந்த வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, மகளுக்கு எழுதியாச்சா, எத்தனை அறை, மேல் மாடி கட்டுகிற யோசனை இருக்கிறதா? நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். முதல் வீட்டில் சோடா வந்தது. பிறகு தட்டு நிறையத் தொதலும் கேக்கும் வந்தன. தட்டைக் கொண்டுவந்தது அந்த வீட்டுக் குமர்ப்பிள்ளை. தலையில் புதுச் சால்வை, முகத்தில் பவுடர். உம்மாக்காரி அவளை என் பக்கத்தில் இருத்தி, “மாமிக்கு சலாம் சொல்லுங்க மகள்” என்றார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மருமகனின் தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். அவருக்குப் பெண் தேடுகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. அந்த நேரத்தில் ஒரு டீச்சரும் அவளுடைய உம்மாவும் வந்து, வீடு யாருடைய பெயரில், எத்தனை அறை என்று கேட்டால் யார் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெண்ணை இல்லை, வீட்டை.

மகளின் கையைக் கிள்ளினேன். அவள் எழுதுகிற மும்முரத்தில் கையை இழுத்துக்கொண்டாள். இரண்டாவது வீட்டு உம்மா, பவுடர் போட்ட தன் மகளை முன்னுக்கு இருத்தி வைத்துவிட்டு, “எல்லாம் என்ட பேர்ல இரிக்கி டீச்சர், எழுதிக் குடுக்கிறதுதான் பாக்கி. மேல மூணு அறை வரும்” என்று விரல் நீட்டி ஆகாயத்தைக் காட்டினார். மூன்றாவது வீட்டில் குளியலறை மாபிளைப் பார்க்கச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஒழுங்கை முடக்கில் வைத்துச் சொன்னேன். மகள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“பொண்ணு பாக்கவா? நானா?” முதலில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “அப்ப அவங்க சொன்னதெல்லாம் மாப்பிள்ளப் பகுதிக்குச் சொன்ன கதையா உம்மா?”

“ஓம்.”

“எனக்கு ஒண்டும் வராதும்மா. வாயத் துறந்ததுமே பிழைச்சிட்டன். முகாமைத்துவந்தான்.”

மூன்று நாள் வீட்டைப் பற்றிய பேச்சையே அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சோறு பரிமாறும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுது முடித்த நேரம் இரண்டாவது வீட்டு உம்மா வந்தார். கையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம். மகள் அவரை முன் அறையில் இருத்தினாள். நான் குசினிக் கதவோடு நின்றேன்.

“என்ன டீச்சர், மாப்பிள்ளப் பகுதி என்ன சொல்லுது? நாங்க ஆசையோட பாத்துட்டு இரிக்கம்” என்றார் அவர்.

மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். வெட்கத்தில் அவள் கழுத்துவரை சிவந்துவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிறவள் வட்டிலப்பக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இன்னும் கொஞ்சம் விட்டால் அந்தப் பெண்ணின் பெயர் ஊரில் அடிபட்டுவிடும். நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

“தங்கச்சி, கோவிச்சுக்கொள்ளாதீங்க. நாங்க பொண்ணு பாக்க வரல்ல. இவள்ட படிப்புக்கு வந்த நாங்க. எங்கட ஆக்கள் பொம்புளப் புள்ளைக்கு எப்பிடி வீடு குடுக்கிற எண்டு கேட்டு எழுதுற படிப்பு.”

அவர் மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “வீட்டப் பத்தியும் எம்.ஏ. இரிக்கா ராத்தா?” என்றார்.

“இரிக்காம்.”

“அப்ப என்ட புள்ளைக்குப் பவுடர் போட்டதெல்லாம் சும்மாவா?” என்று கேட்டு, மெதுவாகக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. கிண்ணத்தைத் திரும்பத் தள்ளி வைத்தார்.

“அப்பிடியெண்டா நான் சொன்னதெல்லாம் பிழை டீச்சர். அதுகள வெட்டுங்க” என்றார்.

மகள் கொப்பியை எடுக்கவில்லை. “உண்மையச் சொல்ல விருப்பமெண்டாச் சொல்லுங்க மாமி. பேர் போடமாட்டன்” என்றாள்.

அவர் சொன்னார். அவருடைய உம்மா அவருக்குக் கொடுத்த வீடு கடற்கரையில் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. பிறகு வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டின் பத்திரம் அவருடைய புருஷனின் பெயரில் வந்தது. குடும்பத் தலைவர் யாரென்று கேட்டார்களாம், இவரும் புருஷனைக் காட்டினாராம். “அவர் நல்ல மனிசன். எழுதித் தாறன் எண்டுதான் சொல்லுறார். ஆனா என்ட உம்மா தந்தத நான் என்ட மகளுக்குக் குடுக்கிற எண்டா அது ஒரு மாதிரி. அவர்ட்டக் கேட்டு வாங்கிக் குடுக்கிற எண்டா அது வேற மாதிரி. உங்களுக்கு விளங்குதா டீச்சர்?”

மகள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவர் பேசினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் தானாகவே சொன்னாள். “மச்சான், நான் சமூகமும் பண்பாடுந்தான் எடுக்கிறன்.”

“கதை வந்திட்டா?”

“முதல்ல பிழையாக் கேட்டு, மறுகா வந்த. பிழையாக் கேட்டதையும் எழுதப் போறன்.”

மருமகன் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். “அதிபர் வேல?”

“அது வாற நேரம் வரட்டும்.”

“சரி, பேச்செண்டாப் பேச்சு. ஆனா நீங்க இன்னும் நாலு வீட்டுக்கு இப்பிடிப் போனா என்ட தம்பிக்கு இந்த ஊருக்குள்ள ஒருத்தரும் பொண்ணு தரமாட்டாங்க” என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, “மாமி, நீங்கதான் இவவப் பாத்துக்கொள்ளணும்” என்றும் சொன்னார்.

சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போய்த் தன் பிரிவைச் சொல்லிவிட்டு வந்தாள். இதையெல்லாம் நான் எழுதலாமா என்று வட்டிலப்பம் கொண்டுவந்த அந்த உம்மாவிடம் கேட்டேன். பேர் போடாதீங்க, மற்றதெல்லாம் எழுதுங்க என்றார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போகிறோம். படலையைத் திறந்ததும், “பொண்ணு கேட்டு வரல்ல, படிப்புக்கு வந்திரிக்கம்” என்று சொல்வது என் வேலை. நன்றாகச் சத்தமாகவே சொல்கிறேன். குமர்ப்பிள்ளைகள் பவுடரைத் தேடி உள்ளே ஓடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.