மூடிய கை

'உட்கார்ந்தே சம்பாதிக்கிறவள்' என்று அக்கம்பக்கத்தார் அவளைக் கேலி செய்த காலம் ஒன்று உண்டு. ஓவியக் கல்லூரியில் தரை துடைக்கப் போனவளை, முகவெட்டு நன்றாக இருக்கிறதென்று மேடையில் உட்கார வைத்துவிட்டார்கள். சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய பாடு என்று கேலி பேசியவர்களுக்கு என்ன தெரியும்? எழுந்து போய்த் திரும்பினால் கால் அதே இடத்தில் இருக்க வேண்டுமென்று பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். அரை மணியில் கால் மரத்துப்போகும். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. புருஷன் விட்டுப் போன பிறகு அந்த மேடைதான் அவளுக்கும் மூன்று வயது மகளுக்கும் சோறு போட்டது.

அந்த மகள் இப்போது அதே கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அம்மாவைப் பார்த்து அன்று வரைந்த படமொன்றைக் காட்சிக்கூடம் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறது. மாணவர்களுக்கு அதை விளக்கப் போவதும் மகள்தான். படத்தில் இருப்பது யாரென்று அவளுக்குத் தெரியாததில்லை. 'இது எங்க அம்மா' என்று நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை மகள் சொல்லிக் கேட்க வேண்டும். கிழவிக்கு வேறு ஆசை இல்லை.

"வரேன்னா வா. பின்னாடி நில்லு, நடுவுல பேசாத" என்றாள் மகள்.

நின்றாள்.

"கண்ணப் பாருங்க. தூரத்துல எதையோ தேடுது. விடுதலைக்கான ஏக்கம் அது. பின்னால இருக்கிற இருட்டு, வரப்போற முதுமை. மடியில மூடின கை, உலகத்து மேல உள்ள கோபம்."

கிழவிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கண் தேடியது எதிர்ச்சுவர்க் கடிகாரத்தை. நாலு மணி தாண்டினால் பிள்ளையை வாசலில் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள் பக்கத்து வீட்டுக்காரி. கொக்கி உடைந்த ஜன்னல் சாத்தியே கிடந்ததால் வந்தது அந்த இருட்டு. கையின் கதையை மட்டும் அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"யார் மேடம் இவங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

கிழவி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மகளின் பார்வை பின்வரிசை வரை வந்துவிட்டுப் போனது.

"யாரோ கூலிக்கு உட்கார்ந்தவங்க. பேர் தெரியல."

கிழவி ஓரடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். நடுவில் பேசாதே என்று சொல்லியிருக்கிறாளே.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மகள் ஒரு தட்டில் இரண்டு பிஸ்கட்டோடு வந்தாள். "சாப்பிடும்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

கிழவி அந்த இரண்டையும் எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"இதுதான் அந்தக் கையில இருந்துச்சு. இடைவேளையில குடுப்பாங்க. கீழ வச்சா பசங்க தின்னுடுவாங்கன்னு பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்ததும் நீ முதல்ல என் கைய விரிச்சுத்தான் பாப்ப. அடுத்த தடவ பாடம் எடுக்கும்போது இதையும் சொல்லு."

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள், மாணவர்கள் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.