டால்பின் எத்தனை மணியில்?

டால்பின் காட்டும் தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: டால்பின் நம்மிடம் வேலை பார்ப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்த நேரத்தில் காலி வாளியோடு நின்றவர்கள், "சிஸ்டம் டவுன் சார்" என்று நாளெல்லாம் சொல்லிப் பழகியவர்கள், எல்லாரும் என் இனம். உங்களுக்கு இது புரியும். ஓமானில் சலாலாவுக்குக் கிழக்கே ஒரு சுற்றுலாப் படகில் நான் கைடு. சொல்லப்போவதெல்லாம் ஒரே நாளில் நடந்தவை. அன்றைக்கு என் மனைவி சுமதியும் படகில் இருந்தாள்.

இதுவா டூட்டி?

சுமதி விசிட் விசாவில் வந்திருந்தாள். மறுநாள் விமானம் ஏறி பெரம்பலூர் திரும்ப வேண்டும். எங்களுக்குள் போனில் நெடுநாளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நான் "டூட்டியில இருக்கேன்" என்பேன். அவள் காதில் என் குரலுக்குப் பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்கும். ஒருமுறை கூட்டிவந்து டால்பினைக் காட்டிவிட்டால் வழக்கு தள்ளுபடியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். பாழாய்ப்போன டால்பின் அந்த வாரம் முழுக்கத் தலைகாட்டவில்லை.

இன்றைக்கும் வராவிட்டால் அவள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவாள். அப்புறம் ஆயுசுக்கும் நான் வெட்டி ஆபீசர்தான். படகு கிளம்பியதிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். அவளோ துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூலிங் கிளாஸ், பாட்டு, காத்து. இதுக்குப் பேரு டூட்டின்னா, நான் அங்க பண்றதுக்கு என்னங்க பேரு?"

வெடிக்காத தீவு

முதலில் ஒரு தீவைச் சுற்றுவோம். கன்னங்கரேல் என்று பாறை. எந்தக் காலத்திலோ எரிமலைக் குழம்பு உறைந்து கிடப்பது. அதை எங்கள் முதலாளி விளம்பரத்தில் 'எரிமலைத் தீவு' என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டார். அதனால் வருகிறவர்கள் எல்லாரும் புகையைத் தேடுகிறார்கள். பாறை விளிம்பில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து வெயிலில் காயப்போட்டிருந்தன. ஓர் ஆமை மூச்சுவிடத் தலையைத் தூக்கிவிட்டு உள்ளே போனது. நான் உயிரைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருந்தேன்.

கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, காக்காயெல்லாம் இருக்கட்டும், இது எப்பங்க வெடிக்கும்?"

ரெண்டு மணி

கடலில் திசை சொல்ல எங்களுக்குக் கடிகாரம்தான். படகின் மூக்கு பன்னிரண்டு மணி. வலக்கைப் பக்கம் மூன்று, இடக்கைப் பக்கம் ஒன்பது, முதுகுப்பக்கம் ஆறு. கிளம்பும்போதே இதைச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை, செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தீவைத் தாண்டியதும் தூரத்தில் கறுப்பாக ஏதோ எழும்பியது. "டால்பின்! ரெண்டு மணி! ரெண்டு மணி!" என்று கத்தினேன். சுமதிகூட எழுந்து நின்றாள். போய்ப் பார்த்தால் யாரோ வலைக்குக் கட்டிவிட்ட மிதவை. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பினால், கோயம்புத்தூர்க்காரர் வாட்சைப் பார்த்தபடி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். "ரெண்டு மணிக்குத்தானுங்களே? இப்ப ஒம்பதரைதான் ஆவுது. அதுக்குள்ள நாங்க புளிசோத்தை முடிச்சுக்கறமுங்க."

சொல்லக்கூடாத சொல்

எங்கள் கேப்டன் ஹமூத் ஓமானி. கடலில் பிறந்து வளர்ந்த மனுஷர். முதல் டால்பின் தெரியும்வரை படகில் 'மாஃபி', அதாவது 'இல்லை', என்று யாரும் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். சொன்னால் வராதாம். இங்கே வந்து சுமதி கற்றுக்கொண்ட முதல் அரபிச் சொல் அதுதான். மளிகைக்கடையில் முருங்கைக்காய் கேட்டபோது கிடைத்தது. அன்றைக்கு ஸ்டியரிங் பக்கத்தில் போய் நின்று, வாய் நிறையச் சிரிப்போடு, "கேப்டன், டால்பின் மாஃபியா?" என்று கேட்டுவிட்டாள்.

கேப்டன் முகம் தீவைவிடக் கறுத்தது. சொல்லிவைத்த மாதிரி அலையும் ஏறியது. படகு தூக்கிப் போட, ஒவ்வொருவராகச் சாயத் தொடங்கினார்கள். நான் எலுமிச்சையும் பிளாஸ்டிக் பையுமாக ஓடினேன். யார் யார் தலையையோ பிடித்துக்கொண்டு நின்றேன். சுமதியும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக் குனிந்திருந்தாள். அவள் தலையைப் பிடிக்க மட்டும் எனக்குக் கை ஒழியவில்லை. அது எனக்கு வலித்தது. கேப்டன் படகைத் திருப்பியே விட்டார். "கலாஸ், பாய். மேடம் மாஃபி போல் தியா. யல்லா, வாபஸ்." மேடம் மாஃபி சொல்லிவிட்டார், முடிந்தது, திரும்பிப் போவோம் என்று அர்த்தம்.

ஆறு மணி

கரைக்குத் திரும்பும் வழியிலும் நான் மூக்கில் நின்று முன்னாலேயே வெறித்துக்கொண்டிருந்தேன். இனி என்ன, நாளைக்கு ஏர்போர்ட்டில் 'இதுவா டூட்டி' என்று கேலியாகச் சிரிப்பாள் என்று மனசு அலைபாய்ந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் அலறல். "ஏங்க! ஆறு மணி! ஆறு மணி!"

கோயம்புத்தூர்க்காரர் வாட்சைப் பார்த்தார். நான் திரும்பி ஓடினேன். படகு கிழித்துவிட்டு வந்த நுரையில் ஒன்று, அதன் பின்னால் நாலைந்து, அப்புறம் எண்ண முடியவில்லை. சாம்பல் முதுகுகள் எழும்பி எழும்பி எங்களைத் துரத்திக்கொண்டு வந்தன. கேப்டன் சட்டத்தையெல்லாம் மறந்துவிட்டு என்ஜினைக் குறைத்தார். வாந்தி எடுக்கக் குனிந்தவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். காலையில் நான் சொன்ன மணிக்கணக்கை அவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதில் என்ன வெட்கம்?

ஒருவழியாக அவள் தோளைப் பிடித்து நின்றேன். ஈர முகத்தோடு டால்பினையே பார்த்துக்கொண்டிருந்தவள், பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும் என் கையை எடுத்துவிட்டாள். "என்னை நான் பாத்துக்கறேன். அங்க அவருக்கு முடியல பாருங்க, போங்க. டூட்டியில இருக்கீங்கல்ல?"

இத்தனை நாள் வழக்கில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்த அந்த நிமிஷத்தை நான் கொண்டாடியது, கோயம்புத்தூர்க்காரரின் புளிசோற்றைப் படகிலிருந்து கழுவித்தான்.