இருபத்து மூன்று பேக்கப்

எஸ்டேட் நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. பதினான்கு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் குடும்பத்தின் விளையாட்டு சர்வரை ஒப்படைத்தார்கள்.

"பயந்த ஆளு கையில இருந்தாதான் பத்திரம்லா," என்றாள் கெமாஸில் இருக்கும் தங்கச்சி.

சர்வர் என்றால் எங்கோ ஒரு நிறுவனத்தில் வாடகைக்கு எடுத்த கணினி. கட்டைகளை அடுக்கி ஊர் கட்டுகிற விளையாட்டு அதில் ஓடும். சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அதற்குள் போவார்கள். நான் கைப்பேசியில் கண்ட்ரோல் பேனல் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வேன். பச்சைப் பட்டன் கிளப்பும், சிவப்பு நிறுத்தும். பேக்கப் என்றொரு பட்டன், ஊர் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வைக்கும். அதைப் போல எனக்கு ஆறுதல் தந்த சாமான் வேறில்லை.

தங்கச்சி அந்த ஊருக்குள் நான்கு மாதமாக ரயில் பாதை போட்டாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திறப்பு விழா. அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வடிக்கும் முன் ஒரு பேக்கப், வடித்த பின் ஒன்று, இடி இடித்ததும் இன்னொன்று. மூன்றரைக்கு சர்வர் நின்றுவிட்டது. பச்சையை அழுத்தினால் சிவப்பு எழுத்துதான் வந்தது.

தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, உள்ள போவ முடியல! லிங்கி வீட்டுல பெரியம்மா புதுச் சேல கட்டி உக்காந்திருக்காங்க!"

ரயில் பாதையே போய்விட்டது என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் மோட்டார் சைக்கிள் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார்.

"ஒன்னும் போவல. எடம் நெறஞ்சிருச்சி. எத்தன பேக்கப் வச்சிருக்க?"

"இருபத்து மூனு."

"கன்னுக்கு ரெண்டு தடவ தண்ணி ஊத்தி அழுக வச்சியே, அதே வேல. அழி."

"நீங்க அழுத்துங்க."

"வச்சது நீதானே?"

போனிலேயே இருந்த தங்கச்சி சொன்னாள்: "அழிச்சிரு அக்கா. போனா திரும்பக் கட்டிக்கிறேன்."

நான்கு மாத வேலையை அவ்வளவு லேசாகச் சொன்னாள். அதைக் கேட்டபின் தயங்க வெட்கமாக இருந்தது. பழையதிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று கேட்டது பேனல். நான் எந்த நாளில் உறுதியாக இருந்தேன்? இருபதை அழித்துப் பச்சையை அழுத்தினேன். சர்வர் கிளம்பியது. பாதையும் அப்படியே இருந்தது.

நான்கு பத்துக்கு ரயில் புறப்பட்டது. "பெரியம்மா, தண்டவாளத்துல நிக்காதீங்க!" என்று தங்கச்சி கத்த, எல்லாரும் சிரித்தோம். இனி மூன்றுக்கு மேல் எடுக்க முடியாதபடி வீட்டுக்காரர் பேனலில் மாற்றிவிட்டார்.

ரயில் அடுத்த ஸ்டேஷனில் நின்றதும் என் விரல் தானாகப் பேக்கப் பட்டனுக்குப் போனது. அவர் இருமினார்.

"ஓடுற ரயிலோட ஒன்னு வேணும்லங்க."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கி, பழையதில் ஒன்றை அழித்து இடம் செய்து கொடுத்தார்.