சுடுகாட்டுப் பூவில் எடுத்த மருந்து

எங்கள் வீட்டுக்குள் அந்தப் பூ வரக் கூடாது. கரமனை ஆற்றங்கரைச் சுடுகாட்டைச் சுற்றி மண்டிக் கிடக்கும். நித்தியகல்யாணி என்று நல்ல பெயர் உண்டு. எங்கள் தெருவில் சவம்நாறி என்பார்கள். வாசலில் தானாக ஒன்று முளைத்தாலும் அத்தை பிடுங்கி எறிவாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் இல்லை, எங்களோடு இருந்தாள். கட்டட வேலையில் செங்கல் சுமந்தாள். மாரில் கட்டி வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் வாரா வாரம் ஊசி. துணைக்குச் சின்னப் பிள்ளையான நான். டாக்டர் வந்தால் பின்னாலேயே படிக்கிற பையன்களும் வருவார்கள். அத்தை சேலையை விலக்க வேண்டும். அப்போது என்னிடம், "திரைய ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சுக்க மக்களே" என்பாள்.

ஒரு நாள் ஊசி போடும்போது மலையாள நர்ஸ் சொன்னாள்.

"சேச்சி பேடிக்காண்டாம். இது நம்ம சவம்நாறிச் செடியிலேருந்து எடுக்கிற மருந்தாக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிணத்துப் பூவை அத்தை ரத்தத்தில் ஏற்றிவிட்டார்கள். அத்தை பயப்படவில்லை. "அந்தச் செடியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. முறத்தில் வேரும் இலையுமாக அதே செடி. எங்கள் அடுப்படியில். பாதி பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

அம்மா தடுத்தாள். "செடி அதே செடிதானே. பெறவு எதுக்கு ஊசி?" என்றுவிட்டு அத்தை செம்போடு குடித்தாள்.

பொழுது சாயும் முன் வாந்தி. கை கால் வெட்டி இழுத்தது. அப்பா தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

டாக்டர் திட்டவில்லை. "சாக்கு சாக்காய் இலை எடுத்தால் ஒரு துளி மருந்து கிட்டும். அதையும் அளந்துதான் கொடுக்கணும். மற்றது விஷம்" என்றார்.

பிழைத்துக்கொண்டாள்.

"ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா அக்கா? பஸ் ஏறத்தான் சோம்பலா?" என்றார் அப்பா. தெருவும் அதையேதான் சொன்னது.

மறுபடி ஊசிக்குப் போனோம். டாக்டர் வந்தார். பையன்களும் வந்து திரைக்கு உள்ளே சுற்றி நின்றார்கள். அத்தை என்னைப் பார்த்தாள். நான் திரையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

காற்று வந்தால் அவளுக்குக் குளிரும் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன்.