பின் சீட்டில் போதகர்

"எங்க போகலாம்?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தால், எங்கே ஓட்டுவது என்பதையும் நானே சொல்ல வேண்டுமாம்.

என் அப்பாவின் தங்கையான அத்தை, கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றால் ஒரு பழைய வெள்ளைக் கார், அவர் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக், அப்புறம் அவர். வண்டியைக் கிளப்புமுன் சின்னதாக ஒரு ஜெபம். ஜெபம் முடிந்ததும் எல்லோரிடமும் அதே கேள்வி. பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட, "நீங்களே சொல்லுங்க" என்று வெளிக்கதவருகே விழிப்பார்கள். வண்டி நகராது.

"ஆண்டவர் தலையை எதுக்கும்மா குடுத்தார்? சீப்பு விக்கிறவன் பிழைக்கவா?" என்பார் அத்தை.

எங்கள் போதகருக்குக் கண் பார்வை மங்கியது. வீடு வீடாக ஜெபிக்கப் போக ஓட்டுநர் வைத்தால் சம்பளம் தர வேண்டும். மனைவிக்கென்றால் கர்த்தர் தருவார். ஆகவே மனைவி கார் ஓட்டப் பழகப் பெருந்தன்மையோடு அனுமதித்தார். விடுதலையைப் பற்றி அவர் பிரசங்கித்தால் சபையே கண்ணீர் விடும். அவர் மனைவி பாஸ்டரம்மாவும் விடுவார். விட்டு முடித்து, பக்கத்துக் கடைக்குப் போகலாமா என்று அவரிடம் அனுமதி கேட்பார்.

பாஸ்டரம்மா திருமணத்துக்கு முன் நர்ஸ். ஊருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். விடிகாலை ஷிஃப்டுக்குப் பேருந்து கிடையாது. அத்தையின் கேள்விக்கு முதல் நாளே யோசிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். தினமும் அந்த மருத்துவமனை வாசல்வரை ஓட்டிப் போவார். உள்ளே போகாமல் திரும்புவார்.

வெள்ளிக்கிழமை, மனைவி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று பார்க்கப் போதகரே வந்து பின் சீட்டில் ஏறினார். அடுத்த வகுப்பு எனக்கு என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

"எங்க போகலாம்மா?" என்றார் அத்தை.

"இடது பக்கம் திரும்பு. சபைக் கமிட்டித் தலைவர் வீட்ல ஜெபம்," என்றார் போதகர்.

அத்தை தன் பிரேக்கை மிதித்தார். "ஐயா, நான் ஓட்டுறவங்களைக் கேட்டேன்."

"குடும்பத்துக்குத் தலை நான்தானேம்மா?"

"தலை பின்னாடி உக்காந்திருக்கே ஐயா. ஸ்டியரிங் முன்னாடி இருக்கு."

எனக்குச் சிரிப்பு இருமலாக வந்தது.

"ஒரு விசுவாசி பேசுற பேச்சா இது?"

"விசுவாசிதான் ஐயா. தப்பான வழியில போவாங்கன்னு தெரிஞ்சும் மனுஷங்களையே முடிவெடுக்க விட்டார் ஆண்டவர்னு நீங்கதானே சொன்னீங்க? அவருக்கே இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?" பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

பாஸ்டரம்மா கியரைப் போட்டார். கண்ணாடியில் கணவரைப் பார்த்தார்.

"நான் வேலைக்குச் சேரப் போறேங்க. உங்க ஜெபத்துக்கு ஆட்டோ கிடைக்கும். எனக்கு இன்னிக்கு விட்டா அந்த வேலை கிடைக்காது."

வலது பக்கம் திரும்பினார். பாலத்தில் வண்டி ஒருமுறை நின்றுபோனது. "பாத்தியா!" என்றார் போதகர், ஜெபம் கேட்கப்பட்ட மகிழ்ச்சியில். பாஸ்டரம்மா மறுபடி கிளப்பினார்.

மருத்துவமனைக்குள் அவர் தனியாகப் போனார். அவர் திரும்பி வரும்வரை போதகர் வாயே திறக்கவில்லை. எங்கள் சபை வரலாற்றிலேயே நீளமான மௌனம் அதுதான். வெளியே வந்த பாஸ்டரம்மா, "திங்கக்கிழமையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க," என்றார். யாரிடமும் கேட்கவில்லை, சொன்னார்.

அத்தைக்கு அடுத்த வாரமே எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைமைப் பொறுப்பிலிருந்து 'ஓய்வு' கிடைத்தது. அவர் கேட்காமலேயே. அந்த ஞாயிறும் பிரசங்கம் விடுதலையைப் பற்றித்தான். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாக ஆமென் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

இதை உங்களுக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் சொல்லுங்கள். சொல்லலாமா என்று வீட்டில் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.