கோலுக்குச் சாட்சி சொன்ன ஒட்டுப்புல்

துறைமுகத்தில் மத்தியானச் சங்கு ஊதி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில்தான் சேதி வந்தது. திருவொற்றியூர் ஆள் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டே சொன்னார். "ரெப்ரி பூட்டாரு பா. காலைல நெஞ்ச புட்ச்சிக்கினு உக்காந்தாரு, அவ்ளோதான்." எந்த ரெப்ரி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கால்பந்துக்கு விசில் பிடிக்கும் ரெப்ரி என்றால் தணிகாசலம் அண்ணன் ஒருவர்தான். பாத்திரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவருடைய விசிலுக்கு ஓடியவர்களும் அந்த விசிலைத் திட்டியவர்களும் இதைப் படிப்பீர்கள். திட்டியவர்கள்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும், நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தப் பந்தயம் நடந்தாலும் இரண்டு கட்சியும் முதலில் கேட்பது "ரெப்ரி வர்றாரா?" என்றுதான். அப்படி ஒரு மனிதர்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆட்டம் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தன் வெள்ளை நிக்கரில் ஒட்டியிருக்கும் முள்ளையும் விதையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசைமேல் வைப்பார். பக்கத்தில் உட்கார்ந்தவன் வேட்டியையும் விடமாட்டார். ஒருநாள் எங்கள் கோல்கீப்பர் வேட்டியிலிருந்து கொக்கி கொக்கியாக முள் வைத்த காயைப் பிடுங்கி, "இன்னாடா, கால்வாக்கரை பக்கம் போய் வந்தியா? மருளூமத்தை வேற எங்க கீது?" என்றார். அவன் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையில் சீட்டாடிவிட்டு வந்தவன். கடையே சிரித்தது. "நம்ம ஜனங்க எதப் பாத்தாலும் நாயுருவின்னுதான் சொல்லுது. நாயுருவி வேற, மத்ததெல்லாம் வேற" என்று அவர் அலுத்துக்கொள்வார். யார் காதில் ஏறும்? எங்களுக்குத் துணியில் ஒட்டுவதெல்லாம் நாயுருவிதான்.

அந்தக் கிறுக்குத்தான் எனக்குச் சோறு போட்டது. எண்ணூர் மைதானத்தில் எங்கள் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்த பைனல் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். துறைமுகத்துக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிற கட்சியிலிருந்து ஒருவனைத் தங்கள் டீமுக்கு எடுத்து நிரந்தர வேலையும் தருவதாகப் பேச்சு. எங்கள் பக்கம் என்றால் அது நான்தான், அவர்கள் பக்கம் என்றால் ஏழுமலை. ஏழுமலை பேக்கில் ஆடுபவன், அன்று முழுக்க என்னை மறிப்பதே அவன் வேலை. தணிகாசலம் அண்ணனின் சொந்தத் தம்பி. எனக்கும் தினக்கூலி, அவனுக்கும் தினக்கூலி. இரண்டு வீட்டிலும் அன்று விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார்கள்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். மேற்கு லைன் ஓரமாகப் பந்து என் காலுக்கு வந்தது. அந்த லைனைத் தாண்டினால் தொடை உயரத்துக்கு நாயுருவிப் புதர். போட்டிருந்த சுண்ணாம்பு கடல் காற்றில் பாதி பறந்துவிட்டது. கொடி பிடிக்க வந்தவரோ அதே காற்றில் பறந்த தன் மேல்துண்டைத் துரத்திக்கொண்டிருந்தார். ஏழுமலை புதர்ப் பக்கமிருந்து குறுக்கே பாய்ந்து விழுந்தான். நான் பந்தை இழுத்து, அவனைச் சுற்றி, வெறுங்காலால் விட்டேன் ஒரு உதை! அடடா, இப்போது எழுதும்போதும் கால் துடிக்கிறது. பந்து கோலுக்குள்!

"அவுட்டு! அவுட்டு! பாலோட புதர்ல பூந்து வந்துகீறான்!" என்று ஏழுமலை கத்தினான். திருவொற்றியூர்க் கூட்டம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. "கால பாரு ரெப்ரி, நாயுருவி ஒட்டிக்கினு கீது!" பார்த்தால், என் கணுக்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டு முழுக்க விதை. லைனுக்குள்தான் இருந்தேன், ஆனால் யார் நம்புவார்கள்? அந்த நாற்காலிக்கார மேனேஜரும் எழுந்து நின்றுவிட்டார்.

தணிகாசலம் அண்ணன் என் முன்னால் மண்டியிட்டார். "கால நீட்டுப்பா." துணியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். "இது நாயுருவி இல்ல. ஒட்டுப்புல்லு. ஊசி மாரி மெலிசா கீது பாரு. கிரவுண்டு பூரா தரையோட தரையா இதான் மொளச்சிக் கீது. நாயுருவிப் புதர்ல பூந்தவனுக்கு நிக்கர்ல புடிச்சிருக்கணும். இவன் நிக்கர்ல ஒண்ணாவது கீதா, காட்டு." ஒன்றும் இல்லை. கூட்டம் அடங்கியது. எழுந்து நின்று தம்பியை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். சரி, எல்லார் முன்னாலும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "கோலு கோலுதான்" என்று விசிலை ஊதினார். என்னைத் தூக்கிக்கொண்டு ரயிலடி வரைக்கும் வந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது. ஏழுமலை உப்பளத்துக்குக் கூலிக்குப் போனான். சொந்தத் தம்பி வாயில் மண்ணைப் போட்டவர் என்று ஊரே அண்ணனை ஏசியது. ஒருநாளும் அவர் பதில் பேசியதில்லை.

அவருக்குப் பிள்ளை இல்லை. ஏழுமலைதான் கொள்ளி வைத்தான். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு, மழித்த தலையோடு சுடுகாட்டுக்கு வெளியே ஈரத்துணியில் நின்றான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசியதே இல்லை. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவனாகவே பக்கத்தில் வந்தான்.

"மாமு, அன்னிக்கு நீ உள்ளதான் இருந்த. நான்தான் புதர்ல நின்னுக்கினு இருந்தேன். தெரிஞ்சேதான் பொய்யா கத்துனேன்."

ஈரத்துணியின் முனையைப் பிழிந்துகொண்டே அவனே தொடர்ந்தான்.

"என் நிக்கர் பூரா நாயுருவி. அண்ணாத்த கிரவுண்டுலயே பாத்துச்சி. அத்தினி பேர் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லல. சாயந்தரம் வூட்டுக்கு வந்து, என்ன நிக்க வெச்சி, ஒண்ணொண்ணா பிடுங்கி எடுத்துச்சி. அப்பவும் ஒண்ணும் கேக்கல."

அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்த வேலை ஒன்றுதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் காலை ஊர் முன்னால் வைத்துப் பார்த்த மனிதர், தம்பியின் நிக்கரை வீட்டுக்குள் வைத்துத்தான் பார்த்தார். ஊர் ஏசியபோது, தம்பி சொன்னது பொய் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ளப்போவது அந்த மௌனத்தைத்தான்.

சுடுகாட்டுப் பாதையில் வந்த என் வேட்டி முழுக்க விதை ஒட்டியிருந்தது. ஏழுமலை குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். "இது நெஜமாவே நாயுருவி" என்றான். பிறகு அழுதுகொண்டே மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தான்.