படத்தில் இல்லாத இரண்டு படிகள்

அக்கா வீட்டை விற்க இணையத்தில் விளம்பரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன், சரியாக எழுதுவான் என்று நம்பினாள். சென்னையில் அவள் மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடிய ஆறு வாரம்தான் இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா போயாக வேண்டும். பக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூர் போனவர்களின் மோட்டார், ஒயர், ஜன்னல் கம்பி வரை களவு போனதைப் பார்த்தவள் அவள். விற்காமல் கிளம்ப மாட்டேன் என்றாள்.

நான் எழுதியது இது: "தஞ்சாவூர் புறநகரில் கிழக்குப் பார்த்த வீடு. வில்லங்கம் கிடையாது. வீட்டுக்குள் வெள்ளம் வந்தது கிடையாது. கரையான் கிடையாது. பாம்பு கிடையாது." அத்தனையும் உண்மை.

முதலில் பேசியவர், "பாம்பு கிடையாதுன்னு போட்டிருக்கீங்களே சார், எப்ப அடிச்சீங்க?" என்றார். அடுத்தவர், வழக்கு எந்தக் கோர்ட்டில் நடந்தது என்று விசாரித்தார். இல்லை என்று நான் எழுதியதெல்லாம் அவர்களுக்கு இருந்ததாகவே பட்டது.

நானும் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு அழைப்பின் நேரம், எண், கேள்வி எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். துபாய் எண் ஒன்று மூன்று முறை வந்தது. கூத்தாநல்லூர்க்காரர், பிள்ளைகள் படிப்புக்காகத் தஞ்சாவூரில் வீடு தேடுகிறாராம். மூன்று முறையும் அதே கேள்விகள், வரிசை மட்டும் வேறு. புரோக்கர் என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

மூன்றாம் முறை கடைசியாக ஒன்று கேட்டார்: "அண்ணே, வாசல் போட்டோவுல மூணு படிதான் தெரியுது. அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

பார்த்துச் சொல்வதாகச் சமாளித்தேன். மொத்தம் ஐந்து படி. கீழ் இரண்டிலும் வெள்ளக் கறை. படத்தை அந்த இடத்தில் வெட்டியவன் நான்தான்.

போனை வைத்ததும், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா பிடித்துக்கொண்டாள். "ஊரையே சந்தேகப்பட்டியே, நீ பண்ணுன வேலை என்னடா?"

"கறை அசிங்கமா இருந்துச்சுக்கா."

"காட்டாம விட்டா கூரை வரைக்கும் தண்ணி நின்னுச்சுன்னுல்ல நினைப்பாங்க!"

பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்து விளம்பரத்தை மாற்றினேன்: "ஐப்பசி அடைமழையில் வாய்க்கால் நிரம்பி, இரண்டாம் படி வரை மூன்று நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் படி நனையவில்லை." படிகளின் ஓரம் அளவு டேப்பை நீட்டி வைத்து, ஐந்தும் தெரிய ஒரு படம்.

நான்கு நாள் வீடு கேட்டு ஒரு போனும் வரவில்லை. "எப்பம்மா வர்றே?" என்று மகன் கேட்கும்போதெல்லாம் அக்கா என்னைப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் துபாய்க்காரரின் மனைவி தன் அண்ணனோடு வந்தார். உள்ளே வரவில்லை. படியருகே குந்தி, கைபேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டே கறையைச் சாணால் அளந்தார். மூன்றாம் படியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. வேற எதையெல்லாம் வெட்டுனீங்கண்ணே?"

"கொல்லையில முருங்கை இருக்குங்க. மழை நாள்ல கம்பளிப்பூச்சி வரும்."

அக்கா முறைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுலயும்தான் வருது." அதன்பிறகே செருப்பைக் கழற்றினார்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கொண்டுவருவதாக அண்ணன் சொல்லிப் போனார். அன்று மாலையே அக்கா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். நான் நாட்குறிப்பில் எழுதினேன்: "விலையைக் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன்?"

அக்கா எட்டிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "போன் பண்ணிக் கேட்டுத் தொலைச்சிடாதே."